பேரியம்-141, கிரிப்டான்-92: அதற்குப் பிறகு என்ன? இயற்பியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கும் இயற்பியல் பாடம் எழுதுகிற, திருத்துகிற, வினாத்தாள் அமைக்கிற பேராசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அணுக்கருப் பிளவு என்ற தலைப்பு வந்தாலே ஒரு சமன்பாடு கூடவே வந்துவிடும். யுரேனியம்-235 ஒரு நியூட்ரானை ஏற்கிறது; பேரியம்-141, கிரிப்டான்-92, மூன்று நியூட்ரான்கள், கொஞ்சம் ஆற்றல். சமன்பாட்டில் பிழையில்லை. நிறை எண்ணும் அணு எண்ணும் இரு பக்கமும் சரியாக வருகின்றன. ஆனால் பாடம் அந்த வரியோடு நின்றுவிடுவதால் பிள்ளைகள் மூன்று தவறான முடிவுகளோடு வகுப்பை விட்டுப் போகிறார்கள். யுரேனியம் எப்போதும் இந்த இரண்டாகத்தான் உடையும் என்பது ஒன்று. உடைந்ததும் எல்லாம் முடிந்தது என்பது இன்னொன்று. "நிறை ஆற்றலாக மாறுகிறது" என்று படிப்பதால் யுரேனியம் பெரும்பாலும் மறைந்து ஆற்றலாகிவிடுகிறது என்பது மூன்றாவது. அணு உலையின் பாதுகாப்பு, கழிவு, விபத்து, மருத்துவப் பயன் ஆகிய எதையும் இந்த மூன்று முடிவுகளை வைத்துக்கொண்டு புரிந்துகொள்ள முடியாது. பாடத்தில் ஒன்றரைப் பக்கம் கூடுதலாகக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறோம். அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறோம்.

மூன்றாவது தவறை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதைத் திருத்த ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 8,200 கோடி ஜூல், அதாவது ஏறத்தாழ 23,000 யூனிட். இதை ஒளியின் வேகத்தின் இருமடியால் வகுத்தால் குறைந்த நிறை கிடைக்கும்: 0.91 மில்லிகிராம். மீதி 999 மில்லிகிராமுக்கு மேல் பொருளாகவே இருக்கிறது. கூடங்குளத்தில் உள்ளது போன்ற 1000 மெகாவாட் மின்சார உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட். முழுத்திறனில் ஓடும் ஒரு நாளில் அதற்குள் 3 கிலோவுக்குச் சற்று மேல் அணுக்கள் பிளக்கின்றன. அதில் ஆற்றலாகிப் போவது 3 கிராமுக்கும் குறைவு. மற்றதெல்லாம் எரிபொருள் கோலுக்குள்ளேயே வேறு தனிமங்களாக உட்கார்ந்திருக்கிறது. அந்த 3 கிலோ என்ன ஆனது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் பதில் சொல்லப் பாடத்தில் இடம் இருக்க வேண்டும்.

இனி உங்கள் சமன்பாட்டையே, அது நிற்கும் இடத்திலிருந்து, தொடர்வோம்.

இயற்கையில் நிலையாக இருக்கும் கிரிப்டான்களில் மிகக் கனமானது கிரிப்டான்-86. பிளவில் பிறந்த கிரிப்டான்-92-இல் அதைவிட ஆறு நியூட்ரான்கள் கூடுதல். நிலையான பேரியத்தில் மிகக் கனமானது 138, பிறந்ததோ 141. இது தற்செயலாக நேர்வதில்லை. கனமான கருவுக்கு அதன் புரோட்டான்களின் விலக்குவிசையைச் சமாளிக்கக் கூடுதல் விகிதத்தில் நியூட்ரான் தேவை. யுரேனியம்-236 கருவில் 92 புரோட்டானுக்கு 144 நியூட்ரான். அதே விகிதத்தைச் சுமந்துகொண்டு இரண்டு நடுத்தரக் கருக்கள் பிறக்கும்போது இரண்டிலுமே நியூட்ரான் மிகுதியாகிவிடுகிறது. உடனடியாக இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறித்தும் மிகுதி தீர்வதில்லை. அதனால் நியூட்ரான் புரோட்டானாக மாறும் பீட்டா சிதைவு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது.

கிரிப்டான்-92-இன் அரை ஆயுள் 1.84 நொடி. அது ருபீடியம்-92 ஆகிறது, அதற்கு 4.5 நொடி. பிறகு ஸ்ட்ரான்ஷியம்-92, 2.66 மணி. பிறகு யிட்ரியம்-92, 3.54 மணி. கடைசியில் சிர்க்கோனியம்-92, அது நிலையானது, அங்கே நின்றுவிடும். இந்தப் பக்கம் பேரியம்-141-க்கு 18 நிமிடம், லாந்தனம்-141-க்கு ஏறத்தாழ 4 மணி, சீரியம்-141-க்கு 32.5 நாள், முடிவில் நிலையான பிரசியோடிமியம்-141. ஆக, சில மாதங்கள் கழித்து அந்த எரிபொருளைத் திறந்து பார்த்தால் சமன்பாட்டில் எழுதிய பேரியமும் இருக்காது, கிரிப்டானும் இருக்காது. சிர்க்கோனியமும் பிரசியோடிமியமும்தான் இருக்கும்.

இதில் மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் 92 புரோட்டான்கள். முடிவில் சிர்க்கோனியத்தின் 40, பிரசியோடிமியத்தின் 59, கூட்டினால் 99. கூடுதலான ஏழும் ஏழு பீட்டா சிதைவுகளில் புரோட்டானாக மாறிய ஏழு நியூட்ரான்கள். எல்லாப் பிளவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒரு பிளவுக்கு ஆறு பீட்டா சிதைவுகள் வரும். பீட்டா சிதைவில் எலக்ட்ரானோடு வெளிவரும் ஆன்ட்டிநியூட்ரினோ என்ற நுண்துகள்கள் இயங்கும் உலையிலிருந்து வெள்ளமாக வருவதன் காரணமும் இந்த ஆறுதான்.

அடுத்து, "எப்போதும் இந்த இரண்டாகத்தான்" என்ற தவறு. யுரேனியம்-236 கரு செனான்-140, ஸ்ட்ரான்ஷியம்-94, இரண்டு நியூட்ரான் என்று உடையலாம். டெலூரியம்-134, சிர்க்கோனியம்-100, இரண்டு நியூட்ரான் என்றும் உடையலாம். அயோடின்-137, யிட்ரியம்-96, மூன்று நியூட்ரான் என்றும் உடையலாம். அணு எண்களைக் கூட்டினால் ஒவ்வொன்றிலும் 92 வரும்: 54-உம் 38-உம், 52-உம் 40-உம், 53-உம் 39-உம். இப்படிப் பல நூறு வகை. துண்டுகளின் நிறை எண் 70-களில் தொடங்கி 160 வரை பரவியிருக்கிறது. சுமார் ஐந்நூறில் ஒரு பிளவில் மூன்றாவதாக ஒரு சிறு துண்டும், பெரும்பாலும் ஹீலியம் கரு, வெளியேறுகிறது. உலையில் உண்டாகும் டிரிட்டியத்தில் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஒரு பகுதி இப்படிப்பட்ட மூன்று துண்டுப் பிளவிலிருந்து வருவதுதான்.

எந்த நிறை எண்ணில் எவ்வளவு என்பதைக் காட்டும் வரைபடத்தைப் பாடத்தில் அச்சிட வேண்டும் என்பது எங்கள் முதன்மைக் கோரிக்கை. வெப்ப நியூட்ரானால் (வேகம் தணிந்த நியூட்ரான்) பிளக்கும் யுரேனியம்-235-க்கு, நூறு பிளவுகளில் எத்தனை என்ற கணக்கில் (இதுதான் விளைச்சல்), வரைபடம் போடத் தேவையான சில புள்ளிகளை இங்கேயே தருகிறோம். நிறை எண் 85-இல் 1.3, 90-இல் 5.8, 95-இல் 6.5, 99-இல் 6.1, 105-இல் ஏறத்தாழ 1, 115-இல் 0.012, 127-இல் 0.16, 131-இல் 2.9, 133-இல் 6.7, 137-இல் 6.2, 140-இல் 6.2, 144-இல் 5.5, 149-இல் 1.1. மடக்கை அளவுகோல் தாளில் இதைக் குறித்தால் இரண்டு மேடும் நடுவே ஒரு பள்ளமும் தெரியும். சாதாரண வரைபடத்தாளில் போட்டால் பள்ளம் பூச்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் எதுவுமே உண்டாவதில்லை என்று மாணவர் நினைத்துவிடுவார். 133-க்கும் 115-க்கும் உள்ள வேறுபாடு ஐந்நூறு மடங்குக்கு மேல். கரு சரிபாதியாக உடைவது அவ்வளவு அரிது.

வரைபடத்துக்குக் கீழே இரண்டு குறிப்புகள் கட்டாயம் வேண்டும். எல்லா நிறை எண்களின் விளைச்சலையும் கூட்டினால் 100 வராது, 200 வரும். ஒரு பிளவுக்கு இரண்டு துண்டுகள் அல்லவா? இதைச் சொல்லாமல் விட்டால் "6 சதவீதம்" என்பது எதில் 6 என்ற குழப்பம் கல்லூரி வரை தொடர்கிறது. இரண்டாவது, இரு மேடுகளும் ஏறத்தாழ 117-ஐ மையமாக வைத்த கண்ணாடிப் பிம்பங்கள். வெளியேறும் நியூட்ரான்கள் சராசரியாக 2.4 என்பதால் ஒரு துண்டு 137 என்றால் மற்றது 96 அல்லது 97 அருகில் இருக்கும். 90 என்றால் அதன் இணை 143, 144 அருகில்.

ஏன் இப்படிச் சமமில்லாமல் உடைகிறது என்ற கேள்விக்கு, கருவை ஒரு திரவத் துளியாகப் பார்க்கும் நீர்த்துளி மாதிரியில் விடை கிடையாது. அந்த மாதிரியின்படி சரிபாதிதான் அதிகம் வந்திருக்க வேண்டும். புரோட்டான்களும் நியூட்ரான்களும் தனித்தனிக் கூடுகளில் (ஷெல்) நிரம்பும் கருவின் அமைப்பில்தான் விடை இருக்கிறது. 50 புரோட்டானும் 82 நியூட்ரானும் கொண்ட டின்-132 இரட்டிப்பு உறுதி கொண்ட கரு. கனமான துண்டு அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. ஆனால் கனத்த துண்டின் சராசரி அணு எண் 50-இல் நிற்காமல் 54-ஐ ஒட்டி இருக்கிறது. பிரியும் தறுவாயில் துண்டு பேரிக்காய் போல ஒருபுறம் நீண்டிருக்கும். அந்த வடிவத்தில் 52 முதல் 56 வரை புரோட்டான் கொண்ட கருக்களுக்குக் கூடுதல் உறுதி கிடைக்கிறது என்பது அண்மைய விளக்கம். மேல்நிலை வகுப்புக்கு இவ்வளவு வேண்டாம். டின்-132 வரை சொன்னால் போதும். புளூட்டோனியம்-239 பிளக்கும்போது கனத்த மேடு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்க, இலேசான மேடு மட்டும் 100 பக்கம் நகர்கிறது என்ற தகவலை அதோடு சேர்த்துவிட்டால், கனத்த துண்டுதான் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது மாணவருக்குத் தானே புரியும்.

வரலாற்றுப் பெட்டிச் செய்தி போடுவதாக இருந்தால், பிறந்த ஆண்டும் நோபல் ஆண்டும் வேண்டாம், இதைப் போடுங்கள். 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் ரேடியம் உண்டானதாக நினைத்தார்கள். அதைப் பிடிக்கப் பேரியம் உப்பைத் துணைக்குச் சேர்த்து, பிறகு பகுதிப் படிகமாக்கல் மூலம் பேரியத்தையும் ரேடியத்தையும் பிரிக்க முயன்றார்கள். கதிரியக்கம் பேரியத்தை விட்டு விலகவே இல்லை, ஏனென்றால் அது பேரியமேதான். 1939 ஜனவரியில் வந்த கட்டுரையில் அவர்கள் நிறை எண்ணைக் கூட்டிப் பார்த்து, 138-உம் 101-உம் சேர்ந்து 239 என்று சொல்லி, மற்றத் துண்டு அணு எண் 43 கொண்ட தனிமமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கூட்ட வேண்டியது புரோட்டான்களை. 92-இல் 56 போனால் 36, ஆகவே கிரிப்டான் என்று சரியாகச் சொன்னவர்கள் லீஸ் மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷ்சும். அணு எண் சமப்படுத்தும் பயிற்சிக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

அடுத்தது எங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது: நிறுத்திய பிறகும் உலை சுடுவது ஏன்?

ஒரு பிளவில் வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இதில் சுமார் 168 இரு துண்டுகளின் இயக்க ஆற்றல். இலேசான துண்டு நொடிக்கு 14,000 கிலோமீட்டர் அளவிலும், கனமானது 10,000 கிலோமீட்டர் அளவிலும் புறப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் எரிபொருளிலேயே மோதி நின்றுவிடுகின்றன. எரிபொருளைச் சூடாக்குவது முக்கியமாக இதுதான். உடனடி நியூட்ரான்களுக்கும் காமாவுக்கும் சேர்த்து ஏறத்தாழ 12. பீட்டா துகள்களும் அவற்றோடு வரும் காமாக்களும் சேர்ந்து சுமார் 13. ஆனால் இந்த 13 உடனே வருவதில்லை. மேலே பார்த்த தொடர்கள் நொடிகளிலும் மணிகளிலும் ஆண்டுகளிலும் சிதைய சிதையத்தான் வருகிறது. 200-இல் 13 என்றால் ஆறரை சதவீதம். நியூட்ரானை விழுங்கும் கட்டுப்படுத்தும் கழிகளை முழுவதும் இறக்கித் தொடர்வினையை நிறுத்திய கணத்தில், நெடுநாள் ஓடிய உலை இந்த ஆறரை சதவீத வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கும். கழிகளால் அதைத் தொட முடியாது. பீட்டா சிதைவுக்கு நியூட்ரான் தேவையில்லை.

3000 மெகாவாட் உலையில் இது முதல் கணத்தில் கிட்டத்தட்ட 195 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும், அதாவது 30 முதல் 45 மெகாவாட். ஒரு நாள் கழித்து ஏறத்தாழ அரை சதவீதம், 15 மெகாவாட் அளவில். சிறிதாகத் தோன்றும் அந்த 15 மெகாவாட், கொதிநிலையில் இருக்கும் நீரில் நொடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் ஆவியாக்கும். ஒரு மணி நேரத்துக்கு இருபது டன்னுக்கு மேல். பம்பு நின்று, நீர் வராமல் போனால், எரிபொருள் கோல்கள் நீருக்கு வெளியே வந்து சூடேறும். அவற்றின் சிர்க்கோனியம் உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் இன்னும் அதிக வெப்பத்தையும் வெளியிடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் உணரப்பட்டதும் ஓடிக்கொண்டிருந்த உலைகளில் தொடர்வினை சரியாகவே நின்றது. சுனாமியால் மின்சாரம் போய், பிளவு விளைபொருள்களின் வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் போனது. "உலை நிறுத்தப்பட்டது" என்ற செய்தியைக் கேட்டு "அப்படியானால் ஆபத்து முடிந்தது" என்று நினைக்காத தலைமுறை நமக்கு வேண்டும். பேரியம்-கிரிப்டான் வரியோடு நிறுத்தினால் அது கிடைக்காது.

துண்டுகளால் நன்மையும் உண்டு. "சங்கிலித் தொடர் வினையைக் கட்டுப்படுத்துகிறார்கள்" என்று பாடம் சொல்கிறது. மனிதரால் எப்படி அது முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. நீர் உலையில் ஒரு நியூட்ரான் பிறந்து அடுத்த பிளவை உண்டாக்க எடுக்கும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு அல்லது அதற்கும் குறைவு. நியூட்ரான்களின் எண்ணிக்கை தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒன்று என்று மிகச் சிறிதாகக் கூடினாலே ஒரு நொடியில் இருபதாயிரம் மடங்காகிவிடும். எந்த மோட்டாரும் அந்த வேகத்தில் கழியை இறக்காது. காப்பாற்றுவது புரோமின்-87 போன்ற துண்டுகள். 55.6 நொடி அரை ஆயுள் கொண்ட அது பீட்டா சிதைவில் கிரிப்டான்-87 ஆகும்போது, சில வேளைகளில் மிகக் கிளர்ந்த நிலையில் பிறந்து ஒரு நியூட்ரானை உதறி கிரிப்டான்-86 ஆகிறது. இப்படித் தாமதமாக வரும் நியூட்ரான்கள் யுரேனியம்-235-இல் மொத்தத்தில் 0.65 சதவீதம் மட்டுமே. உலையை அந்தச் சிறு பங்கை நம்பியே ஓட்டுகிறார்கள். அதே ஆயிரத்தில் ஒரு கூடுதலுக்கு இப்போது திறன் 2.7 மடங்காக ஒரு நிமிட அளவு எடுக்கும். கழிகளை நகர்த்த அது தாராளம்.

செனான்-135-ஐப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். நிறை எண் 135-இன் விளைச்சல் 6.5 சதவீதம். டெலூரியம்-135 பத்தொன்பது நொடியில் அயோடின்-135 ஆகிறது, அது 6.6 மணி அரை ஆயுளோடு செனான்-135 ஆகிறது, அது 9.1 மணி அரை ஆயுளோடு சீசியம்-135 ஆகிறது. செனான்-135 வெப்ப நியூட்ரானை விழுங்கும் திறன் 26 லட்சம் பார்ன் (கரு நியூட்ரானோடு வினைபுரியும் வாய்ப்பை அளக்கும் அலகு). யுரேனியம்-235 பிளவதற்கான எண் 585 தான். உலை ஓடும்போது செனான் உண்டாகிக்கொண்டே இருக்கும், நியூட்ரானை விழுங்கி செனான்-136 ஆகி அழிந்துகொண்டேயும் இருக்கும். இரண்டும் சமநிலையில் நிற்கும். உலையை நிறுத்தினால் அழிவு நின்றுவிடுகிறது. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அயோடினோ செனானாக மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நிறுத்திய பிறகு செனான் ஏறுகிறது. சுமார் பத்து மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது.

இயற்கை யுரேனியத்தில் ஓடும் கனநீர் உலைகளில் (கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் அந்த வகை) கைவசம் இருக்கும் உபரி வினைத்திறன், அதாவது தொடர்வினையைத் தக்கவைக்கத் தேவையானதற்கு மேல் இருக்கும் கையிருப்பு, குறைவு. முழுத்திறனில் ஓடி நின்றுபோனால் அரை மணி நேர அளவுக்குள் மறுபடி கிளப்ப வேண்டும். தவறினால் செனான் இறங்கும்வரை ஒன்றரை நாள் வரை காத்திருக்க நேரும். இதை முதன்முதலில் எதிர்கொண்டது அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு பி உலை. 1944 செப்டம்பர் இறுதியில் கிளப்பிய சில மணி நேரத்தில் அதன் திறன் தானாகவே இறங்கிப் போனது. பிறகு தானாகவே மீண்டது. மீண்ட வேகத்திலிருந்து அரை ஆயுளைக் கணித்துத்தான் குற்றவாளி செனான்-135 என்று கண்டார்கள். 1500 எரிபொருள் குழாய் போதும் என்ற கணக்குக்கு மாறாகப் பொறியாளர்கள் 2004 குழாய்களுக்கு இடம் விட்டிருந்ததால்தான் அந்த உலை தப்பியது. 1986 ஏப்ரலில் செர்னோபிலில் குறைந்த திறனில் செனான் ஏறியதைச் சமாளிக்கக் கழிகளை அளவுக்கு மீறி வெளியே இழுத்ததும் பேரழிவுக்கு வழிவிட்ட காரணங்களில் ஒன்று.

எரிபொருள் வில்லைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நூறு பிளவுக்கு இருபத்தைந்து முதல் முப்பது அணுக்கள் செனானும் கிரிப்டானுமாக, அதாவது வாயுவாக, முடிகின்றன. ஒரு யுரேனியம் அணு இருந்த இடத்தில் இரண்டு அணுக்கள், அதிலும் சில வாயு. வில்லை உப்புகிறது, கோலுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கோலின் மேல்பகுதியில் காலி இடம் விட்டு வைப்பது அதற்காகத்தான். அயோடின், உப்பிய வில்லை அழுத்தும் இடத்தில் சிர்க்கோனியம் உறையை உள்ளிருந்து அரித்து விரிசல் விடச் செய்யும். உலையின் திறனைச் சட்டென்று கூட்டாமல் படிப்படியாகக் கூட்டும் விதி இதனால் வந்தது. மாலிப்டினம், டெக்னீசியம், ருதேனியம், ரோடியம், பல்லேடியம் ஆகிய ஐந்தும் ஆக்சைடில் கரையாமல் நுண்ணிய உலோகத் துகள்களாக ஒதுங்குகின்றன.

கழிவு பற்றிய பத்தியில் "பல்லாயிரம் ஆண்டுகள் ஆபத்தானது" என்று ஒரே வரியில் எழுதுவதை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை சமமாக இருந்தால், அரை ஆயுள் குறைவாக உள்ள கருதான் அதிகம் கதிர்வீசும். 8 நாள் அரை ஆயுள் கொண்ட அயோடின்-131-ஐயும் 1 கோடியே 57 லட்சம் ஆண்டு கொண்ட அயோடின்-129-ஐயும் சம எண்ணிக்கையில் எடுத்தால் முதலாவது 70 கோடி மடங்கு வேகமாகச் சிதையும். ஆனால் மூன்று மாதத்தில் அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். மனித வாழ்நாளோடு மோதுவது நடுவில் இருப்பவை: 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட சீசியம்-137-உம், 29 ஆண்டு கொண்ட ஸ்ட்ரான்ஷியம்-90-உம். இரண்டின் விளைச்சலும் 6 சதவீதத்தை ஒட்டியது. சீசியம் உடலில் பொட்டாசியம் போகும் இடத்துக்குப் போகும். ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்தைப் போல எலும்பில் சேரும். முந்நூறு ஆண்டில், அதாவது பத்து அரை ஆயுளில், இரண்டும் ஆயிரத்தில் ஒரு பங்காகின்றன. அதற்குப் பிறகும் டெக்னீசியம்-99 (இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல்), சீசியம்-135, சிர்க்கோனியம்-93 போன்ற நெடு ஆயுள் கருக்கள் குறைந்த வீரியத்தோடு தொடரும்.

விபத்தில் எது வெளியே வரும் என்பதை ஆவியாகும் தன்மை தீர்மானிக்கிறது. அயோடினும் சீசியமும் எளிதில் ஆவியாகும், ஸ்ட்ரான்ஷியம் அவ்வளவாக ஆகாது. ஆகவேதான் ஃபுகுஷிமாவைச் சுற்றிய மண்ணில் சீசியமே பிரச்சினையானது. பொட்டாசியம் அயோடைடு மாத்திரை பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம். தைராய்டை முன்கூட்டியே சாதாரண அயோடினால் நிரப்பி அயோடின்-131 சேராமல் தடுக்கும். அதிகாரிகள் சொல்லும் நேரத்தில், கதிரியக்க அயோடின் உள்ளே போவதற்குச் சற்று முன்போ சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் பலன். சீசியத்துக்கு எதிராக அதனால் எந்தப் பயனும் இல்லை. அணுமின் நிலையங்கள் உள்ள மாநிலத்தின் பாடநூலில் இந்த நான்கு வரி இல்லாமல் இருக்கக் கூடாது.

ஆர்வமுள்ள மாணவருக்கு ஒரு சவால் கேள்வி: சீசியம்-134 பிளவில் ஏன் கிட்டத்தட்ட உண்டாவதே இல்லை? நிறை எண் 134-இன் தொடர் செனான்-134-இல் நின்றுவிடுகிறது. அது நிலையானது என்பதால் சீசியத்துக்குப் போக வழியில்லை. ஆனால் உலையில் பிளவால் பிறந்த சீசியம்-133 நெடுங்காலம் நியூட்ரான்களுக்கு நடுவே இருந்து ஒன்றை விழுங்கி 134 ஆகிறது. ஆகவே மண்ணில் சீசியம்-134 கணிசமாக இருந்தால் அது குண்டிலிருந்து வரவில்லை, உலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இதே தர்க்கம்தான் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் இருநூறு கோடி ஆண்டுக்கு முன் தானாக ஓடிய இயற்கை உலையை 1972-இல் உறுதிப்படுத்தியது. இயற்கை நியோடிமியத்தில் 27 சதவீதம் நியோடிமியம்-142. பிளவுத் தொடரோ சீரியம்-142-இல் நின்றுவிடும், நியோடிமியம் வரை போகாது. ஓக்லோ தாதுவின் நியோடிமியத்தில் 142-இன் பங்கு மிகக் குறைவாக இருந்தது.

இன்னொரு திருத்தம் சிறியதுதான், ஆனால் வினாத்தாளில் அடிக்கடி இடறுகிறது. நியூட்ரானை ஏற்ற ஒவ்வொரு யுரேனியம்-235-உம் பிளப்பதில்லை. ஏழில் ஒன்று காமாவை மட்டும் வெளியிட்டு யுரேனியம்-236 ஆகத் தங்கிவிடுகிறது. புளூட்டோனியமும் பிளவின் துண்டு இல்லை. அது யுரேனியம்-238 நியூட்ரானை ஏற்று, நெப்டியூனியம் வழியாக உண்டாவது. பயன்படுத்திய எரிபொருளில் பெரும்பகுதி, 94 சதவீதம் அளவில், இன்னும் யுரேனியமே. புளூட்டோனியம் ஒரு சதவீதத்தை ஒட்டி. பிளவு விளைபொருள்கள் 4 முதல் 5 சதவீதம். "யுரேனியம் எரிந்து சாம்பலாகிறது" என்ற வாக்கியத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட இந்த மூன்று எண்களே போதும்.

பக்கம் போதாது என்ற கவலை எங்களுக்குத் தெரியும். அணுகுண்டின் படத்துக்கும் உலகின் அணுமின் நிலையப் பட்டியலுக்கும் கொடுக்கும் இடத்தை இதற்குக் கொடுக்கலாம். சமன்பாட்டை அப்படியே வைத்து, முன்னால் "எடுத்துக்காட்டாக" என்று ஒரு சொல் சேருங்கள். கீழே இரண்டு சிதைவுத் தொடர்களையும் அரை ஆயுளோடு அச்சிடுங்கள். மேடு-பள்ள வரைபடம் ஒன்று. வெப்பம் இறங்கும் அட்டவணை ஒன்று, மூன்றே வரிசையில். விளைச்சலையும் அரை ஆயுளையும் சரிபார்க்க சர்வதேச அணுசக்தி முகமையின் அணுக்கருத் தரவுப் பிரிவு கட்டணமின்றித் தருவதைப் பயன்படுத்தலாம். தேர்வில் "பிளவுச் சமன்பாட்டை எழுதுக" என்று கேட்பதற்குப் பதிலாக, "ஒரு துண்டு அயோடின்-137, வெளிவந்த நியூட்ரான்கள் மூன்று எனில் மற்றத் துண்டு எது? அயோடின்-137 நிலைபெறும்வரை எத்தனை பீட்டா சிதைவுகள்?" என்று கேளுங்கள். விடை யிட்ரியம்-96; செனான், சீசியம் வழியாக பேரியம்-137 வரை மூன்று சிதைவுகள். மனப்பாடம் செய்து வந்தவரால் இதற்கு எழுத முடியாது; அணு எண்ணைக் கூட்டத் தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுவார்.

இப்படிக்கு,
அணு உலை இயற்பியலும் கதிர்வேதியியலும் கற்பிப்போர் சிலர்